பெரியப்பா கை தூக்கிய பதினோராவது தீர்மானம்

தோழிகளே, இன்று சாயங்காலம் நடந்ததைச் சூட்டோடு எழுதுகிறேன். நேரில் என்றால் எனக்குப் பேச்சு வராது.

எங்கள் பெரியப்பா விழுப்புரம் முனிசிபாலிட்டியில் மெம்பர். கூட்டம் முடிந்து வந்தவர், இங்கிலீஷில் அச்சடித்த காகிதத்தைக் கூடத்தில் போட்டார்.

“எல்லாம் பாஸாயிடுச்சி. சேர்மன் நம்பரைப் படிப்பாரு, நாங்க கை தூக்குவோம். ஜல்தியா முடிஞ்சிடும்.”

எட்டாவதோடு நின்ற நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பதினோராவது தீர்மானம், எங்கள் தெருக் குழாயைப் பிடுங்கி ஸ்டேஷன் ரோட்டில் வைப்பது.

தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

பெரியம்மா குடத்தை நங்கென்று வைத்தார். “நம்ம குழாயைப் பிடுங்கவா கையைத் தூக்கிக்கினு இருந்தீங்க? இனிமே தண்ணிக்கு ரெண்டு தெரு நீங்களே நடங்க.”

“பக்கத்துல எல்லாரும் தூக்கறாங்க. நான் மட்டும் சும்மா குந்திக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?”

சற்று நேரம் கழித்துப் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். “தீர்மானத்தை எதிர்த்துத் தெருக்காரங்க மனு குடுக்கலாம். நீயே எழுதும்மா.”

எழுதினேன். முதல் கையெழுத்து பெரியப்பாவுடையது. எங்கள் வார்டு மனுக்களை வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டிய மெம்பரும் அவர்தான்.

உங்கள் ஊர் மெம்பர்கள் எப்படி? திண்டிவனத்துக்காரிகள் முதலில் எழுதுங்கள்.