மாமாவின் சட்டையில் மட்டும் பூஞ்சணம்

இது கதை அல்ல. கதையாக இருந்தால் ராத்திரியில் நடந்திருக்கும். நானும் கொஞ்சம் வீரமாக இருந்திருப்பேன். நடந்தது மத்தியானம், சாப்பிட்ட பிறகு.

மழைக்காலம். மாமாவின் சுற்றுலாப் படகு துறையில் கட்டிக் கிடந்தது. நான்கு கேபின்கள். கல்லூரி விடுமுறையில் எனக்குக் கிடைத்த பதவி, பூஞ்சணம் ஒழிப்பவன். இரண்டு வருடம் நுண்ணுயிரியல் படித்திருக்கிறேன். பூஞ்சணத்தை அதன் குடும்பப் பெயர் சொல்லித் திட்டத் தெரியும். அவ்வளவுதான்.

பலகைச் சுவர்களை வினிகரால் துடைத்தேன். மெத்தைகளைச் சுவரோரம் நிமிர்த்தினேன். அலமாரியில் துணிகளை இடம் விட்டுத் தொங்கவிட்டேன். கதவுகளைக் கொக்கி மாட்டித் திறந்தே வைத்தேன். காற்று ஓடினால் பூஞ்சணமும் ஓடிவிடும்.

மூன்று கேபின்களில் ஓடிவிட்டது.

கடைசிக் கேபினில் மட்டும் கொக்கி தானாகக் கழன்றது. மாட்டிவிட்டுப் போவேன். திரும்பி வந்தால் கதவு சாத்தியிருக்கும். படகு ஆடுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மற்ற மூன்று கதவுகளும் அதே படகில்தான் இருந்தன.

அடுத்தது சட்டைகள். என்னுடையதும் மாமாவுடையதும் அந்தக் கேபினில் ஒரே கம்பியில் தொங்கின. என் சட்டைகளில் ஒரு புள்ளி இல்லை. மாமாவின் சட்டைகள் எல்லாவற்றிலும் கழுத்தைச் சுற்றிக் கரும்பச்சையாக...

"என்னடா இது, என் சட்டைக்கெல்லாம் தாடி மொளைச்சிருக்கு?"

"உங்க மேல தனிப் பாசம் போல, மாமா."

மாமா சிரிக்கவில்லை. மறுநாள் விருந்தாளிகள் வருகிறார்கள்.

"கரிச்சட்டி வெச்சாத்தான் காயும். ஜன்னலை எல்லாம் மூடு."

எஞ்சின் ஓட்டும் டிரைவர் அண்ணன் முகம் மாறியது.

"வேணாம் முதலாளி. அந்தக் கேபின்ல மட்டும் வேணாம்."

"உன் வேலையைப் பாருய்யா."

அண்ணன் கரைக்கு இறங்கிப் போய்விட்டார். மாமா தணல் நிறைந்த சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் நடைவழியில் நின்றேன்.

டக்.

கொக்கி கழன்றது. என் கண்ணெதிரே.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. வெளிப்பக்கத் தாழ்ப்பாள் விழுந்தது... கிர்ர்ர்... டக்.

"டேய், விளையாடாதே! திற!"

தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. அசையவில்லை. விரலுக்கடியில் ஏதோ மெத்தென்று... வளர்ந்துகொண்டிருந்தது.

உள்ளே மாமா இருமினார்.

அவர் பக்கத்தில் இன்னொருவரும் இருமினார்.

மாமா கதவைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

என் காதோரம் ஒரு குரல். நிதானமாக...

"தட்டட்டும்."

திரும்பினேன்.

யாரும் இல்லை.

ஓடினேன். சுத்தியலை எடுத்து வெளிப்பக்கமாகச் சுற்றிப் போய் ஜன்னலை உடைத்தேன். ஜன்னல் சின்னது. மாமா பெரியவர். எப்படி இழுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வெளியே விழுந்தபோது மூச்சு இருந்தது. பேச்சு இல்லை. கழுத்தைச் சுற்றிக் கரும்பச்சைத் தடம். சட்டையில் அல்ல. தோலில்.

மாமா பிழைத்துக்கொண்டார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் தினமும் கழுத்தைத் துடைக்கிறார்கள். தினமும் வருகிறது.

வராந்தாவில் வைத்து டிரைவர் அண்ணன் சொன்னார்.

"போன மழைக்கு, கேபின் கழுவுற பையன் ஒருத்தன் மெத்தைக்குப் பின்னாடி அசந்து தூங்கிட்டான், தம்பி. உங்க மாமா கவனிக்காம கரிச்சட்டிய வெச்சுத் தாழ்ப்பாளப் போட்டுட்டாரு. அவன் தட்டினான். நான் திறக்கப் போனேன். உங்க மாமாதான், 'தட்டட்டும், வேலை நேரத்துல தூங்கினதுக்கு நல்லா வேணும்'னு என்னை அனுப்பிட்டாரு. அரை மணி கழிச்சுத்தான் திறந்தோம்."

நான் கேட்டேன்.

"அப்புறமும் அந்தத் தாழ்ப்பாளை ஏண்ணே விட்டு வெச்சீங்க?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"எந்தத் தாழ்ப்பாள்? அன்னிக்கே நான் கழட்டித் தண்ணியில வீசிட்டேனே."

போய்ப் பார்த்தேன்.

கதவின் வெளிப்பக்கம்... நான்கு ஆணித் துளைகள் மட்டும்.