முதுகு காட்டச் சொன்னவள்

விஜயகுமாரி அக்கா புறத்திணை நடத்தினால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலோரம் வந்து நிற்பார்கள். கோட்டையை முற்றுகையிடுபவன் உழிஞைப் பூ சூடுவான், உள்ளே நின்று காப்பவன் நொச்சி சூடுவான் என்று நாங்களெல்லாம் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அக்கா அப்படி விடமாட்டார். பெஞ்சுகளை இழுத்துப் போட்டு வகுப்பையே கோட்டையாக்குவார். பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே. "உள்ள கீறவங்களுக்குத் தண்ணி எங்கேந்து வரும்? சொல்லுங்க" என்று கேட்டு மடக்குவார். ஒரு வருடம் மூன்றாமாண்டுப் பிள்ளைகளைக் கடப்பாக்கத்துக்கு அழைத்துப்போய், கடலோரம் இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டைச் சுவர்மேல் உட்காரவைத்து நடத்தினார். துணைக்கு நானும் போயிருந்தேன். அலைச் சத்தத்தை மீறி அவர் குரல் கேட்டது.

என் பெயர் ஜாய்ஸ். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தமிழ்த்துறைக் கௌரவ விரிவுரையாளர். அக்காவும் அதே துறை, அதே பதவி. துறைத்தலைவர் எழுதிக்கொடுத்தால்தான் அடுத்த வருடம் எங்களுக்கு வேலை. அக்காவுக்குச் செய்யூர் பக்கம் கிராமம். வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவர்தான். கணவர் ஜெகதீசன் சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். ஒரே மகன் ரஞ்சித்குமார்.

வீரக்குடியில் பிறந்த பெண்ணின் மறத்தைப் பாடும் துறைக்கு மூதின்முல்லை என்று பெயர். அதை நடத்தும்போது மட்டும் அக்காவின் குரல் இறங்கி அடர்த்தியாகும். மார்பில் பட்ட புண் பெருமை, முதுகில் பட்ட புண் தீராத இழிவு என்று சொல்லும்போது கை தானாக நெஞ்சில் போய் நிற்கும். மகனைப் போருக்கு அனுப்பும் அந்தப் பாட்டின் தாயை அவர் நம்பினார். பரீட்சைக்காகச் சொல்லிக்கொடுத்தது இல்லை அது.

ரஞ்சித் டிப்ளமோ படித்தவன். மறைமலைநகரில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். ஒப்பந்தம் முடிந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள், மறுபடி கூப்பிடுவார்கள். அலுத்துப் போயிருந்தான். அப்போதுதான் கூட வேலை பார்த்தவன் ஒருவன் ஒரு ஏஜெண்டைக் காட்டினான். ரஷ்யாவில் கிடங்கு வேலை, பெட்டி கட்டுவது, ஏற்றுவது. அங்கே சண்டை நடக்கிறதே என்று ஜெகதீசன் கேட்டதற்கு, "அது எங்கியோ பார்டர்ல சார். இது சிட்டி" என்றானாம் ஏஜெண்ட். பாஸ்போர்ட்டுக்காக லீவு போட்டுவிட்டு மகனோடு அலைந்தது அக்காதான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பனியில் நின்றுகொண்டு படம் அனுப்பினான். அக்கா ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் காட்டினார். பிறகு, தெரியாத மொழியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்றான். அதற்கப்புறம் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாட்ஸப்பில் அவன் குரல் வந்தது. அக்கா சோற்றில் கை வைத்தபடியே கேட்டார். நானும் கேட்டேன்.

"அம்மா, யூனிபார்ம் குடுத்துட்டாங்கம்மா. கிடங்குலாம் ஒண்ணும் இல்ல. வண்டில ஏத்தி எங்கியோ கூட்டிகினு போறாங்க. நைனா கிட்ட இப்ப சொல்லாத."

அக்கா அன்றைக்கே ஜெகதீசனிடம் சொல்லிவிட்டார். அதற்குப் பின் இருவரும் ஏறாத வாசல் இல்லை. கலெக்டர் ஆபீஸில் மனு, சென்னையில் மனு, டில்லிக்கு மின்னஞ்சல். எல்லா இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். உட்காரச் சொன்னார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். "மேலே அனுப்பியிருக்கிறோம்" என்றார்கள். ஏஜெண்டின் போன் அணைந்தே கிடந்தது. அவன் ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது அழகு நிலையம் நடக்கிறது.

விஷயம் ஒரு டிவிக்காரர் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து, அக்காவை வாசலில் நிற்கவைத்து எடுத்தார்கள். "என் பையன மீட்டுக் குடுங்க" என்று அக்கா கெஞ்சியதில் பாதிதான் வந்தது. மீதி நேரம் தமிழ்ப் பேராசிரியை, மகன் போர்முனையில் என்றே ஓடிக்கொண்டிருந்தது. மறுவாரம் செய்யூர் பேருந்து நிறுத்தத்தில் பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். உள்ளூர் இளைஞர் மன்றத்தின் வேலை. பின்னணியில் புலி, வாள், தீ. நடுவில் அக்காவின் படம். 'எங்கள் மண்ணின் வீரத்தாய்'. பக்கத்தில் ரஞ்சித்தின் முகத்தை எவனோ ஒரு சிப்பாயின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள்.

அக்கா தினமும் அதன் கீழே நின்றுதான் பஸ் ஏறவேண்டும். தெரியாதவர்களெல்லாம் கும்பிட்டார்கள். கண்டக்டர் உட்கார இடம் பிடித்துக் கொடுத்தார். ஒரு பெண் தன் கைக்குழந்தையை நீட்டி, "ஆசீர்வாதம் பண்ணுங்க மேடம்" என்றாள். அக்கா அந்தக் குழந்தையின் தலையைத் தொடவில்லை. அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிப்போனதை என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

வீட்டிலும் அது புகுந்துவிட்டது. ஜெகதீசனை டீக்கடையில் இப்போது எழுந்து நின்று வரவேற்றார்கள். வேன் டிரைவராக அவர் ஒருநாளும் காணாத மரியாதை. "அந்த பேனர எடுக்கச் சொல்லு" என்று அக்கா சொன்னபோது அவர் தயங்கினார்.

"கீதே, இருந்துட்டுப் போட்டும் விஜயா. எனக்கு இன்னா கீது வேற? நாலு பேரு நம்ம புள்ளயப் பெரிசா பேசறாங்க. அது காதுல விழற வரைக்கும்தான் எனக்குச் சோறு எறங்குது."

அக்கா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஜெகதீசன் சொன்னது பொய் இல்லை.

பிறகு துறை விழா வந்தது. துறைத்தலைவர் உலகநாதன் ஐயா நல்ல மனிதர். கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல்தான் அக்காவைக் கூப்பிட்டார்.

"விஜயகுமாரி, நாம ஏட்டுல படிச்சத நீங்க வாழ்ந்து காட்டிக்கிட்டு இருக்கீங்க. இந்த வருஷம் விழாவுல உங்களுக்குத்தான் சிறப்பு."

"வேண்டாம் ஐயா. அவன் சண்டைக்குப் போகல. ஏமாத்திக் கூட்டிகினு போயிட்டாங்க."

"அது பிள்ளைங்களுக்கு எதுக்கு? அவங்களுக்கு ஒரு முன்மாதிரி வேணும்ல?"

அடுத்த வருட நீட்டிப்புக் கடிதங்கள் அப்போது அவர் மேஜையில்தான் இருந்தன. அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அக்கா மேடை ஏறினார். அவருடைய மாணவிகளே பறை முழங்க அழைத்துப்போனார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். மூதின்முல்லையை அக்கா நடத்திக் கேட்டிருந்த ஒரு பெண், அக்காவின் குரல் ஏற்ற இறக்கம் அப்படியே வர, அக்காவைப் பற்றியே பேசினாள். நெஞ்சில் கை வைத்துக்கொள்வது வரைக்கும் அப்படியே. நான் முன்வரிசையில் இருந்தேன். அக்கா பொன்னாடையின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி ஒரு கயிறாக்கிவிட்டார். ஏற்புரைக்கு அழைத்தபோது மைக்கின் முன் வந்து நின்றார். அரங்கம் அமைதியானது. ஒரு வார்த்தையும் வரவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினார். உணர்ச்சிப் பெருக்கு என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ரஞ்சித்திடமிருந்து மறுபடி குரல் வந்தது இதற்குப் பிறகுதான். காலை முதல் பீரியட் முடிந்து ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவன் ரொம்பத் தாழ்ந்த குரலில் பேசியிருந்தான். பின்னால் காற்றுச் சத்தம்.

"அம்மா, பள்ளத்துல கீறோம். நானு, கன்னியாகுமரி பக்கம் ஒரு அண்ணன், இன்னும் ரெண்டு பேரு. முன்னால தல நீட்டினா மேல டிரோன் வந்துடுது. பின்னால போனா நம்மாளுங்களே சுடுவாங்கன்னு சொல்லிக்கிறாங்க. நாளைக்கு எங்கள முன்னால தள்ளப்போறாங்களாம். எனக்கு எதிர்ல இருக்கறவன் பேருகூடத் தெரியாதும்மா. நான் இன்னா பண்ணட்டும்? நீ சொல்லு. நீ இன்னா சொன்னாலும் செய்யறேன்."

அக்கா போனை மேஜைமேல் வைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். நான் வெளியே போகட்டுமா என்று கேட்டேன். "இரு ஜாய்ஸ்" என்றார். முற்றுகையில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி அவருக்குத் தெரியாத பாட்டு இல்லை. வென்றவனுக்கு உண்டு, மாண்டவனுக்கு உண்டு, அவன் மனைவிக்கு உண்டு, நட்ட கல்லுக்கு உண்டு. எல்லாமே அந்த நேரத்தில் அவர் மனதில் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். போனை எடுத்து வாயருகே பிடித்தார்.

"ஓடிப் போயிடு கண்ணு. துப்பாக்கியத் தூக்கிப் போட்டுட்டு ஓடு. முதுகு காட்டிகினு ஓடு. யாரு இன்னா வேணா சொல்லிக்கட்டும். கோழன்னு சொல்லட்டும். நீ கோழயா வூட்டுக்கு வா. அம்மா சொல்றேன், ஓடு."

அனுப்பிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் அவன் அதைக் கேட்டுவிட்டான் என்பதற்கு அடையாளமாக நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

அன்று மதியம் அக்கா லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். வீட்டிலிருந்து கதிர் அறுக்கிற அரிவாளை எடுத்துவந்து, நிறுத்தத்தில் நின்றவர்கள் பார்க்கப் பார்க்க பிளெக்ஸ் கட்டியிருந்த கயிறுகளை அறுத்தார். மன்றத்துப் பையன்கள் ஓடிவந்தார்கள். "மேடம், இன்னா மேடம் இது? உங்களுக்காகத்தான வெச்சோம்?" என்றார்கள். அக்கா நிறுத்தவில்லை. மகன் முகம் மடிந்து தார்ச்சாலையில் விழுந்தது. யாரோ ஜெகதீசனுக்குப் போன் போட்டுச் சொல்ல, அவர் வேனை வழியிலேயே விட்டுவிட்டு வந்தார். அக்காவின் கையிலிருந்து அரிவாளை மெதுவாக வாங்கி, வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அதன்பின் ரஞ்சித்திடமிருந்து குரல் எதுவும் வரவில்லை. சில மாதங்கள் கழித்து, போர்முனையில் மாட்டிக்கொண்ட இந்தியர்களில் சிலர் திரும்பிவந்தார்கள் என்ற செய்தி வந்தது. பட்டியலில் ரஞ்சித் இல்லை. காணவில்லை என்று மட்டும் சொன்னார்கள். ஆனால் அந்தக் கன்னியாகுமரிக்காரர் வந்திருந்தார். பெயர் ஜெபக்குமார். ஒரு கால் விறைத்துப் போயிருந்தது. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும், தானாகவே தேடிக்கொண்டு பஸ் ஏறிச் செய்யூருக்கு வந்தார். அக்கா என்னையும் வரச்சொல்லியிருந்தார். தனியாகக் கேட்கத் தைரியமில்லை போலிருக்கிறது.

ஜெபக்குமார் காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் கொடுத்த காபி ஆறிப்போனது.

"உங்க வாய்ஸை அவன் திரும்பத் திரும்பக் கேட்டான் அம்மா. காதுல வச்சுக்கிட்டே இருந்தான். சார்ஜ் தீந்துரும்டே, அணைச்சு வையின்னு நாந்தான் சொன்னேன். விடியுற நேரத்துல பாத்தா ஆளைக் காணல. துப்பாக்கி மட்டும் மண்ணுல சாத்தி வச்சிருந்தான்."

"சுட்ட சத்தம் கேட்டுதா?" ஜெகதீசன் கேட்டார்.

"அங்க சத்தம் எப்பவுமே கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும் அண்ணே. எது யாருக்குன்னு எப்படிச் சொல்ல?"

"எந்தப் பக்கம் போயிருப்பான்?" இது அக்கா.

"பின்னால ஒரு காடு இருந்துச்சு. ஒல்லி ஒல்லியா, சவுக்குத் தோப்பு மாதிரி. அதுக்குள்ளதான் போயிருக்கணும். வேற வழி கிடையாது." விறைத்த காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கே முன்னால போன எங்கள்ல நான் ஒருத்தன்தான் மிச்சம். அவன் இருந்திருந்தா..."

ஆறுதலாகத்தான் அதைச் சொல்ல வந்தார். அக்காவுக்கு அது ஆறுதலாக இல்லை. தான் சொன்ன வார்த்தை மகனைக் காப்பாற்றியதா, கொன்றதா என்று இந்த உலகத்தில் சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை என்பது அந்த அறையில் அப்போதுதான் அவருக்குத் தெளிவாகியிருக்க வேண்டும். ஜெபக்குமாரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது, "நின்னு சண்ட போடுன்னு சொல்லியிருந்தா செத்துட்டான்னாவது தெரிஞ்சிருக்கும்" என்றார். சொன்னவர் அதே வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடையாளம் தெரியாத உடல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பெற்றோரின் ரத்தம் வேண்டுமென்று கேட்டார்கள். ஜெகதீசன் சென்னைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அக்கா போகவில்லை. "செத்தவங்களோட சேத்துப் பாக்கறதுக்கு நான் ரத்தம் குடுக்க மாட்டேன்" என்றார். சொந்தக்காரர்கள், தெரியாமலேயே இருப்பதைவிட ஒரு சடங்கு செய்து முடித்துவிடலாம் என்றார்கள். ஜெகதீசனுக்கும் அந்த எண்ணம் இருந்தது. அக்கா சம்மதிக்கவில்லை. அதற்காக அவர்கள் சண்டையிட்டதும் இல்லை. ஜெகதீசன் மகன் படத்துக்கு மாலை போடவில்லை. அக்கா அவன் துணிகளைத் துவைத்து மடிக்கவும் இல்லை. இருவரும் ஒரே வீட்டில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுகிறார்கள்.

உலகநாதன் ஐயாவுக்கு முழுக்கதையும் தெரிந்துவிட்டது. அக்காவிடம் வந்து, கண் கலங்க, "இந்த வருஷம் புறத்தை வேற யாராவது நடத்தட்டும்மா. நீங்க இலக்கணம் எடுத்துக்குங்க" என்றார்.

"இல்ல ஐயா. நானே நடத்தறேன்."

நடத்திக்கொண்டிருக்கிறார். பெஞ்சுகளை நகர்த்துவதில்லை. மூதின்முல்லை வந்தபோது பாட்டைப் படித்தார், சொற்பொருள் சொன்னார், மேலே ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் ஒரு மாணவி எழுந்து, புறமுதுகிட்டவனைப் பற்றி ஏன் ஒருவரும் பாடவில்லை என்று கேட்டாளாம். அக்கா என்ன பதில் சொன்னார் என்று அவளிடம் விசாரித்தேன்.

"பாடினவங்க யாரும் அவனோட அம்மா இல்லன்னு சொன்னாங்க மேடம். அப்புறம் மணி அடிக்கிறவரைக்கும் எங்களப் பாத்துக்கிட்டே நின்னாங்க."