பதினான்கு, இருபத்து மூன்று, முப்பத்தொன்று

போன வருடம் பிப்ரவரியில் நான் முதன்முறையாகக் கடலைப் பார்த்தேன். மைசூரில் ஆஸ்பத்திரி லாபரட்டரியில் ரத்தப் பரிசோதனை என் வேலை. பம்பாய் மாகாணத்தின் தெற்குக் கோடியில், கடலுக்கும் காட்டுக்கும் நடுவில் இருக்கும் கிராமங்களில் மலேரியாக் கணக்கெடுக்க ஆள் போதவில்லை என்று எங்கள் டாக்டரையும் என்னையும் ஒரு மாதத்துக்குக் கடன் கேட்டிருந்தார்கள்.

மண்டி மொஹல்லா வீட்டில் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்து பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். ஸ்லைடுகள், ஊசிகள், ஸ்பிரிட், பஞ்சு, சாயம், மைக்ராஸ்கோப், கொசுவலை, கனமான செருப்பு. நான்காம் நாள் அம்மா வந்து காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் எழுதியிருக்கியே, புலி வந்தா என்ன பண்றதுன்னு எழுதலையா?"

"அதை டாக்டர் பார்த்துக்குவார்மா."

"உங்க டாக்டரா? அந்த மனுஷன் பூனை குறுக்கே வந்தாலே நின்னு வழி விடுவாரு."

ரயில், பிறகு பஸ், பிறகு மலை இறங்க இன்னொரு பஸ். போனவர்கள் எல்லோரும் அந்தக் கரையைச் சொர்க்கம் என்கிறார்கள். நானும் பார்த்தேன். காடு மணல் வரைக்கும் இறங்கி வந்து நிற்கிறது. இருவாச்சிப் பறவைகள் தலைக்கு மேல் போகும்போது யாரோ பெரிய விசிறியால் வீசுவது போலச் சத்தம். எனக்கு முதல் நாளிலிருந்தே பயம்தான். நாங்கள் தங்கிய பயணிகள் பங்களாவின் பின்புறம் மணலில் சிறுத்தையின் காலடி இருந்தது. காவல்காரர் அதை ஒரு கூடையால் மூடி வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினார்.

ஐந்தாம் நாள் டாக்டர் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு அப்பால் மருந்து தெளிக்கும் முகாமுக்குப் போனார். மறுநாள் காலையில்தான் திரும்புவார். ஒன்றரை மைல் தள்ளியிருந்த மீனவர் கிராமத்தில் நாற்பது குழந்தைகளிடம் ரத்தம் எடுப்பது என் பொறுப்பு. முதல் குழந்தை ஊசியைப் பார்த்து அலறியதும் வரிசை முழுவதும் அழத் தொடங்கியது. எனக்கு ஒரு வழி தோன்றியது. ஊர்த் தலைவர் வீட்டில் தானியம் வைக்கும் அறை ஒன்று இருந்தது. அதன் மரக்கம்பி ஜன்னல் ஆளுயரத்துக்கு மேலே. நான் உள்ளே பெஞ்சு போட்டு உட்கார்ந்தேன். தாய்மார் வெளியே நின்று குழந்தையைத் தூக்கி, கையை மட்டும் கம்பிகளுக்கு நடுவே நீட்ட வைத்தார்கள். குழந்தை ஊசியைப் பார்க்காது. பெயரும் வயதும் வெளியிலிருந்து குரலாக வரும். நான் எண் போட்டு எழுதுவேன், விரலைத் துடைப்பேன், குத்துவேன், சொட்டை ஸ்லைடில் தேய்ப்பேன், அடுத்தது. ஒன்றரை மணி நேரத்தில் நாற்பதும் முடிந்தது. இந்த முறையை அறிக்கையில் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பங்களாவுக்குத் திரும்பினேன்.

சாயமேற்றி, வெயில் விழும் ஜன்னலில் மைக்ராஸ்கோப்பை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினான்காம் எண்ணில் கை நின்றது. சிவப்பணுக்களுக்குள் மோதிரம் போன்ற கிருமி வளையங்கள். ஒரே அணுவில் இரண்டு, மூன்று. மலேரியாவில் ஆளைக் கொல்லும் வகை அது. ஏழு வயதுப் பெண் என்று எழுதியிருந்தேன். இருபத்து மூன்று, நான்கு வயதுப் பையன்: அதே. முப்பத்தொன்று, ஒன்பது வயதுப் பையன்: அதே வளையங்கள், அதே அளவு, அதே போல வெளிறிய அணுக்கள். மற்ற முப்பத்தேழில் ஐந்தில்தான் ஏதோ கொஞ்சம் இருந்தது. மூன்று வீட்டுக் குழந்தைகளின் ரத்தம் இப்படி அச்சு எடுத்தாற்போல இருக்காது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. முப்பத்தொன்றாம் கையின் மோதிர விரலை எடுத்தபோது பக்கத்து விரலில் ஒரு சொட்டுப் புது ரத்தம் இருந்தது. என் பஞ்சிலிருந்து ஒட்டியது என்று துடைத்துவிட்டுக் குத்தினேன். அந்தக் கை சுட்டது. வெயில் என்று நினைத்தேன்.

ஒரே குழந்தையை மூன்று பெயரில் நீட்டியிருக்கிறார்கள். எந்தப் பெயர் அதனுடையது என்று எனக்குத் தெரியாது. முகத்தை நான் பார்க்கவே இல்லை.

இப்படி ஒரு ஸ்லைடை மைசூரில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். முடிவை எழுதி வார்டுக்கு எடுத்துப் போனபோது அந்தக் காலிக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

மணி நாலரை. டாக்டர் விட்டுப் போயிருந்த மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். காவல்காரர் மறித்தார். கன்னடத்தில்தான் எல்லாப் பேச்சும்.

"இந்த நேரத்துல வேண்டாம் அம்மாவ்ரே. முந்தாநாள்தான் நாயைத் தூக்கிட்டுப் போச்சு."

"குழந்தை செத்துப் போயிடும்."

அவர் என்னைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார், உள்ளே போய்க் காலி மருந்து டின் ஒன்றையும் கழியையும் எடுத்து வந்தார். "கரையோரமாப் போலாம். நான் தட்டிட்டே வரேன். நீங்க பேசாம வாங்க, அழுதா அதுக்குக் கேட்கும்." நான் அழவில்லை என்றேன். அவர் டின்னைத் தட்டத் தொடங்கினார்.

ஒரு பக்கம் அலை, மறுபக்கம் பத்தடியில் மரங்கள். பாதி வழியில் மரத்து மேல் மந்திகள் இருமுவது போலக் கத்தின. காவல்காரர் தட்டுவதை நிறுத்தினார். மந்தி அப்படிக் கத்தினால் கீழே சிறுத்தை இருக்கிறது என்று அவரே எனக்குச் சொல்லியிருந்தார். என்னால் காலை எடுத்து வைக்க முடியவில்லை. மருந்துப் பெட்டியில் இருப்பவற்றை மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவதுக்கு மேல் வரவில்லை. அவர் திரும்பவும் டின்னை ஓங்கித் தட்டினார். நடந்தோம்.

ஊரில் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"ரத்தம் பத்தலையா அம்மாவ்ரே? மைசூர் மகாராஜாவுக்கு அனுப்பறீங்களா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"ரத்தம் வேண்டாம். மூணு விரல்ல குத்துப்பட்ட குழந்தை எது? இன்னிக்கே மருந்து கொடுக்கலைன்னா பிழைக்காது."

சிரிப்பு நின்றது. இரண்டு பெண்கள் தங்கள் பையன்களைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். இரண்டும் கொழுகொழுவென்று இருந்தன. கடைசியில் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒருத்தி, கிளிஞ்சல் சுடும் சூளையில் வேலை செய்பவள், முழங்கை வரை சுண்ணாம்பு படிந்தவள், "என் வீட்டுக்கு வாங்க" என்றாள்.

குழந்தை பாயில் கிடந்தது. கூப்பிட்டால் கண் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. மூன்று விரல்களில் மூன்று புள்ளிகள்.

"எதுக்கு இப்படிப் பண்ணினீங்க?" என்று நான் கத்திவிட்டேன். மற்றவர்கள் இவளை மிரட்டி, நோயாளிக் குழந்தையைத் தங்கள் பிள்ளைகளுக்குப் பதிலாக நீட்ட வைத்தார்கள் என்றே நினைத்திருந்தேன்.

"நீங்கதானே காலைல சொன்னீங்க," என்றாள் அவள். "ஒரு சொட்டு எடுத்தா காய்ச்சல் போயிடும்னு. இவளுக்குப் பத்து நாளா காய்ச்சல். ஒரு சொட்டு எப்படிப் பத்தும்? அந்தப் பையன்களோட அம்மா ரெண்டு பேர் காலைப் பிடிச்சு அவங்க முறையையும் வாங்கினேன்."

சொல்லியிருந்தேன். அழுகிற வரிசையை அடக்க, அவசரத்தில், அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

மலேரியா மருந்தான கொய்னாவை டாக்டர் சொல்லாமல் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. பெட்டி மூடியின் உட்புறம் வயதுக்கு எவ்வளவு என்ற அட்டவணை ஒட்டியிருந்தது. அதை நான்கு தடவை படித்தேன். மாத்திரையைப் பொடித்து வெல்லத்தில் குழைத்துக் கொடுத்தேன். வாந்தி எடுத்துவிட்டாள். எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே வந்தது? மறுபடி முழு அளவு கொடுத்தால் அதிகமாகிவிடுமா? கேட்க ஆள் இல்லை. அவள் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையோடு. அரைமணி நேரம் பொறுத்து முழு அளவையும் திரும்பக் கொடுத்தேன். அது தங்கியது. இரவு முழுவதும் நெற்றியில் ஈரத்துணி மாற்றினோம். அவள் மூச்சு ஒவ்வொன்றையும் எண்ணினேன். அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. சிறுத்தை நினைவுக்கே வரவில்லை.

விடிந்ததும் காவல்காரர் ஆள் அனுப்பினார், டாக்டர் ஜீப்பில் வந்தார். குழந்தையைப் பார்த்தார், ஊசி போட்டார், அட்டவணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெண்டாவது டோஸ் யாரைக் கேட்டுக் கொடுத்தே?"

"யாரையும் கேட்கலை சார்."

"கேட்டிருந்தா நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேன்," என்றார். "கொடுத்ததாலதான் இன்னிக்கு நான் ஊசி போட ஆள் இருக்கு."

தாய் என் கையைப் பிடித்தாள். "மூணு தடவை எடுத்ததாலதானே கண்டுபிடிச்சீங்க?"

அது உண்மை இல்லை. ஒரே ஸ்லைடு இருந்திருந்தால் பெயரைப் பார்த்து நேராக அவள் வீட்டுக்கு வந்திருப்பேன். அவள் மூன்று தடவை நீட்டியதால்தான் யாரென்று தெரியாமல் நின்றேன். என் வேலையில் பொய்யான பதிவு ஒன்றுகூடச் செய்ததில்லை.

"ஆமாம், அதனாலதான்," என்றேன்.

அவள் உடனே குழந்தையின் கையை எடுத்து என் முன் நீட்டினாள். டாக்டர் தலையாட்டினார், கிருமி குறைந்திருக்கிறதா என்று பார்க்க அன்று இன்னொரு ஸ்லைடு வேண்டும். நான் பாயில் எதிரே உட்கார்ந்து, குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு குத்தினேன். சிறுமி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஊரே கேட்கும்படி அழுதாள். முந்தின நாள் மூன்று தடவையும் அந்தக் கை அசையவே இல்லை.