உட்கார்ந்து போக ஒரு சீட்

போன வாரம் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மகளிர் தின விழா. சிறப்பு விருந்தினர் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நானும் வழக்கம்போலத் தயாராகத்தான் போனேன். 'பெண்ணே, எழுந்து நில்!' என்று தலைப்பு வைத்து நாலு பக்கம் எழுதி, மடித்துக் கைப்பையில் வைத்திருந்தேன். அந்தத் தலைப்பை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

விழா மாலை நாலரைக்கு. முதல் ஷிஃப்ட் முடிந்து பெண்கள் ஊர் திரும்பும் நேரம் அதுதான். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார்கள். பெரும்பாலும் ஒரே கம்பெனி, பேக்கிங் பிரிவு, கான்ட்ராக்ட் வேலை.

நான் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வரிசையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், இவங்களுக்குத்தான் இன்னிக்கு நீங்க சால்வை போடப் போறீங்க. பேரு பவானி" என்றார் மகளிர் குழுத் தலைவி சரளா.

சால்வை வாங்கப் போகிறவரே நாற்காலி துடைக்கிறாரா! பக்கத்தில் போய், "எதுக்காகங்க உங்களுக்குப் பாராட்டு?" என்று கேட்டேன்.

"நான் இன்னா மேடம் செஞ்சிட்டேன்? வண்டியில ஏறல. அவ்ளோதான். நீங்க குந்துங்க, டீ வரும்."

வண்டியில் ஏறாததற்கு ஒரு சால்வையா? அவர் சொன்னதையும் சரளா சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு வரை இந்தப் பெண்கள் வேலைக்குப் போனது லோடு வேனில். சிமென்ட் மூட்டையும் மாட்டுத் தீவனமும் ஏற்றுகிற அதே வண்டிதான். காலை ஆறு மணிக்கு ஊர் முனையில் வந்து நிற்கும். இருபத்து மூன்று பேர் பின்னால் ஏறிக்கொள்வார்கள். உட்கார இடம் கிடையாது. முன்னால் நிற்பவர்கள் கேபினுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். கம்பி எட்டாதவர்கள் பக்கத்தில் இருப்பவரின் தோளை. சாப்பாட்டுக் கூடைகள் காலடியில்.

ஹைவேயில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முன்பு ஒருமுறை என் காரைப் பார்த்து அப்படி ஒரு வண்டியிலிருந்து பெண்கள் கையசைத்தார்கள். நானும் கையசைத்தேன். அவர்கள் தலையில் இருந்த பூவையும் சிரிப்பையும் பற்றி இதே பத்தியில் உருகி உருகி எழுதினேன். அழகாக இருந்தது என்று உங்களில் பலர் கடிதம்கூடப் போட்டீர்கள். அந்தப் பெண்கள் ஏன் நின்றுகொண்டே போகிறார்கள் என்று எனக்கும் தோன்றவில்லை... உங்களுக்கும் தோன்றவில்லை.

விபத்து நடந்த அன்று காலை தூறல். ஏரிக்கரை வளைவில் எதிரே டேங்கர் லாரி வந்தது. டிரைவர் வண்டியை ஒடித்தார். லோடு வேன் அப்படியே பக்கவாட்டில் கால்வாய்க்குள் சாய்ந்தது.

உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் சுமதியின் வலது கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. சுமதி, பவானிக்குப் பக்கத்து வீடு. கணவர் இறந்த பிறகு, இந்த வேலையை வைத்துத்தான் மகளைக் காலேஜில் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். சேற்றில் விழுந்து எழுந்த பெண்களே ஒன்றுசேர்ந்து வண்டியை நிமிர்த்திக் காலை வெளியே எடுத்திருக்கிறார்கள்.

"அவ கத்தவே இல்ல மேடம்" என்றார் பவானி. "எல்லாம் கத்துறோம். அவ மட்டும் எங்களையே பாத்துக்கினு கீறா. அதான் எனக்கு இன்னும் மறக்க மாட்டேங்குது."

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆள் அனுப்புகிற மேஸ்திரியைக் கேட்டால், "வண்டி என்னுது இல்ல" என்றார். கம்பெனியில் கேட்டால், "அந்தப் பேரே எங்க லிஸ்ட்ல இல்லையே" என்றார்கள். ஆறு வருடம் அங்கே பெட்டி ஒட்டியவர். ஒரு காகிதத்தில்கூட அவர் இல்லை.

ஒரு வாரம் கழித்து அதே வேன் வந்தது. நசுங்கின இடத்தைத் தட்டி, பெயின்ட் அடித்து, அதே இடத்தில், அதே ஆறு மணிக்கு. பெண்கள் ஏறினார்கள். வேறென்ன செய்வார்கள்?

பவானியும் ஒரு கையால் வேனின் பின்கதவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார்.

"காலு மேல வரல மேடம். தூக்கித் தூக்கிப் பாக்கறேன், வரவே இல்ல. டிரைவரு ஆரன் அடிக்கிறான். இன்னாக்கா, காலைல நாஷ்டா துன்னலியான்னு கிண்டல் வேற பண்றான். எனக்கே தெரியாம வாயில வந்துடுச்சி. சீட்டு வெச்ச வண்டி வந்தா ஏறிக்கிறேன், நீங்க போங்கன்னேன்."

வண்டி போய்விட்டது. சாப்பாட்டுக் கூடையோடு அவர் மட்டும் ரோட்டில்.

"எவ்வளவு தைரியம் உங்களுக்கு" என்றேன். மேடைப் பேச்சாளருக்கு இந்த வார்த்தை தயாராக வாயில் இருக்கும்.

"தைரியம்லாம் ஒண்ணியும் இல்ல மேடம். பயம். பயந்துக்கினுதான் நின்னேன்."

மறுநாளும் ஆறு மணிக்குக் கூடையோடு போய் நின்றார். ஏறவில்லை. ஏறப் போவதில்லை என்றால் எதற்காகக் கிளம்பி அங்கே போக வேண்டும்?

"ஊட்லயே குந்திக்கினா ஒடம்பு சரியில்லன்னு நெனச்சிப்பாங்க. நான் ஏற மாட்டேன்றது அவனுக்குத் தெரிய வேணாமா?"

யோசித்துப் பாருங்கள்... போராட்டம் பற்றி எந்த வகுப்புக்கும் போகாதவர் இவர்.

கணவர் முருகேசனுக்குக் கோபம். ஒரு ஏக்கரில் நெல் போடுகிறவர். "ஊரே போவுது, உனக்கு மட்டும் இன்னா வந்துச்சி? பேஜாரு புடிச்ச வேலையெல்லாம் பண்ணாத" என்று சொல்லிவிட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாள் காலை, கூட்டத்தில் ஒரு புது முகம். சுமதியின் மகள் கோகிலா. பத்தொன்பது வயது. காலேஜுக்குப் போவதை நிறுத்திவிட்டு, அம்மாவுக்குப் பதிலாக வேலைக்குக் கிளம்பி வந்திருந்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறி, வண்டியின் ஓரத்தில் நின்றாள்.

அதுவரை பவானி யாரையும் ஏறாதே என்று சொன்னதில்லை. அன்றைக்கு ஓடிப்போய்க் கீழிருந்து அவள் கையைப் பிடித்துவிட்டார்.

"எறங்குடி."

"வுடு அத்தை. ஊட்ல வேற யாரு கீறாங்க சம்பாரிக்க?"

"எறங்குன்றேன் இல்ல!"

"உங்க ஊட்ல மாமா கீறாரு, நெலம் கீது. நீ ஏறாம நிப்ப. எங்களால முடியுமா?"

அந்தப் பெண் சொன்னது உண்மை. ஆனாலும் பவானி கையை விடவில்லை. டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். அப்போதும் விடவில்லை.

அந்தக் கூட்டத்திலேயே மூத்தவர் எல்லம்மா. அவர்தான் கேபினில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார். "நிறுத்துப்பா. நான் எறங்கிக்கிறேன்."

அவருக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு இரண்டு பேர். கூடைகளைக் கீழே கொடுப்பதும் ஒருவர் தோளைப் பிடித்து இன்னொருவர் இறங்குவதுமாகப் பத்து நிமிடம் ஆயிற்று. கடைசியாக இறங்கியவள் கோகிலா. வண்டி காலியாகப் போனது.

மேஸ்திரி சும்மா இருப்பாரா? பெரியபாளையம் பக்கம் வேறொரு கிராமத்திலிருந்து, அதே வேனில், ஆட்களை ஏற்ற ஆரம்பித்தார். ரோட்டை மறிக்கலாம் என்று இங்கே சிலர் கிளம்பினார்கள். "அதுங்களும் நம்மள மாதிரிதானே, அதுங்ககிட்ட சண்டைக்குப் போனா நல்லாருக்குமா?" என்று கேட்டிருக்கிறார் பவானி.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போனார்கள். சண்டை போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அங்கே யாரும் முகம் கொடுக்கவில்லை. பவானி தெருவில் நின்றபடியே சொன்னாராம்:

"உங்கள வேலைக்குப் போவாதீங்கன்னு சொல்ல வரல. அந்த வண்டியில போவாதீங்கன்னு சொல்லத்தான் வந்தோம். இது சுமதி பொண்ணு. அவங்கம்மாவுக்கு இன்னா ஆச்சுன்னு அதுவே சொல்லும்."

கோகிலா சொன்னாள். ஆஸ்பத்திரியில் அம்மாவின் காலை மூடியிருந்த போர்வையை விலக்கிப் பார்த்தது வரைக்கும் சொன்னாள். அதுவரை அவள் யாரிடமும் சொல்லாதது அது. பாதியில் ஒரு வீட்டுக் கதவு திறந்து, ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை அந்த ஊரிலும் யாரும் ஏறவில்லை.

எல்லாரும் இறங்கியதிலிருந்து பன்னிரண்டாவது நாள், வேனுக்குப் பதிலாகப் பஸ் வந்தது. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஓடிக் களைத்த பழைய பஸ். இருந்தாலும் சீட் இருந்தது. பெண்கள் ஏறி, ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்தார்கள். பவானி படியில் கால் வைத்தார். மேஸ்திரி குறுக்கே கையை நீட்டினார்.

"இந்தம்மா மட்டும் வேணாம்."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். இறங்கியும் இருப்பார்கள். பவானிதான் விடவில்லை. "யாரும் எறங்கக் கூடாது. பன்னெண்டு நாளு பசங்கள வெச்சிக்கினு பட்டது போதும். போங்க!" என்று பஸ்ஸின் பக்கத் தகட்டில் தட்டி அனுப்பி வைத்தார்.

"அன்னிக்கு அழுதேன் மேடம். பொய் இன்னாத்துக்குச் சொல்லணும்? நல்லா அழுதேன்."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தவரை முருகேசன் பார்த்திருக்கிறார். பிறகு பவானியின் சாப்பாட்டுக் கூடையைத் திறந்து, சோற்றை இரண்டு தட்டில் பாதிப் பாதியாகப் போட்டுவிட்டுச் சொன்னாராம், "சாயங்காலம் களை எடுக்கணும். வரியா?"

மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார். பவானிக்கு இப்போது வேலை வயலும் இரண்டு மாடும்தான். சுமதிக்குச் செயற்கைக் கால் பொருத்தியாயிற்று. நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. கோகிலா வேலைக்குப் போய்க்கொண்டே தபால் வழியில் படிக்கிறாள்.

அதிகாரமளித்தல், அதிகாரமளித்தல் என்று மேடைக்கு மேடை பேசுகிறோமே... யார் யாருக்கு அளிக்கிறார்கள்? அந்த ஊர் முனையில், காலை ஆறு மணிக்கு, அளிப்பதற்கு யாரும் வரவில்லை.

நாலரைக்கு அந்தப் பஸ் வந்து மைதானத்தின் ஓரமாக நின்றது. பெண்கள் இறங்கி வந்து, துடைத்துப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சுமதி ஊன்றுகோலோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். என் முறை வந்தபோது நாலு பக்கத்தை நான் வெளியே எடுக்கவில்லை. முன்பு எழுதியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சால்வை போட்டேன். பவானி அதைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மைக்கில் பேசியது ஒரே வரி: "எல்லாரும் வந்ததுக்கு நன்றி, டீ கீது, குடிச்சிட்டுப் போங்க."

விழா முடிந்ததும் எல்லம்மா அவரை பஸ் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "ஒரு தபா ஏறி குந்துடி."

"மாடு கறக்கற நேரம்க்கா..."

"மாடு எங்கியும் போவாது. ஏறு."

அந்தப் பஸ்ஸில் பவானி ஏறுவது அதுதான் முதல் தடவை. இரண்டாவது வரிசை, ஜன்னலோரம். நாங்களும் ஏறிக்கொண்டோம். டிரைவர் ஊர் எல்லை வரை ஒரு சுற்றுப் போனார். பவானி வெளியே பார்த்தபடி வந்தார். இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

பவானி மட்டும் அழவில்லை. சீட்டைக் கையால் அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பிக் கேட்டார்:

"ஏண்டி, இந்த சீட்டு ஆடுது... இதெல்லாம் கேக்க மாட்டீங்களா?"