பெயின்ட்டில் வந்த தோணி

தென்மேற்குச் சோழகக் காற்று தொடங்கியதும் முல்லைத்தீவுப் பக்கம் மீன்பிடிக்கப் போன நானும் மச்சானும் ஐந்து மாதம் கழித்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது சாய்ந்தமருதுக் கரைக்குத் திரும்பினோம். மச்சான் என் ராத்தாவின், மூத்த சகோதரியின், கணவர். தோணி அவருடையது. ராத்தாவின் சீதன வயலில் ஒரு துண்டை விற்று வாங்கியது. குடும்பத்துக்கு வேறு பிழைப்பு இல்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த வேலையிலும் ஒரு வருஷம் நின்றதில்லை.

மரத்தோணியை மாதம் ஒருமுறை கரையேற்ற வேண்டும். சிப்பியைச் சுரண்டி, அடியில் காய்ந்த ஓலையைக் கொளுத்திச் சூடு காட்டி, இரண்டு நாள் வெயிலில் போட்டுச் சுறா எண்ணெய் பூச வேண்டும். அந்தச் சூட்டில்தான் பலகையைத் துளைக்கும் புழு சாகும். முதல் மூன்று மாதமும் ஒழுங்காகச் செய்தோம். பிறகு மீன் நன்றாகப் பட்டது. இரண்டு நாளை வீணாக்க மனம் வரவில்லை. ஊருக்குப் புறப்படும் முன்பு நான்தான் சொன்னேன்:

"பெருநாளைக்குப் போறம், மச்சான். பச்சைப் பெயின்ட் அடிச்சிட்டுப் போவம். ஊரே பாக்கட்டும்."

ஈரம் காயாத பலகையில் ஒரே பகலில் அடித்து முடித்தோம். வழியெல்லாம் தண்ணீர் கசிந்தது. இறைத்துக்கொண்டே வந்தோம். பலகை இடுக்கில் பஞ்சு அடைத்தால் சரியாகிவிடும் என்றிருந்தோம்.

கரையில் நின்றவர்கள் தோணியை இழுத்துத் தந்தார்கள். "என்னப்பா, பெருநாள் உடுப்பு உனக்கா தோணிக்கா?" என்று ஒருவர் கேட்க, மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் தோணி கட்டும் ஓடாவியாரைக் கூட்டி வந்தோம். உளிப்பிடியால் தட்டிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்று பெருவிரலால் அமுக்கினார். விரல் உள்ளே போய்விட்டது.

"எப்ப தம்பி சூடு காட்டின?"

மச்சான் என்னைப் பார்த்தார். "ரெண்டு மாசம் இரிக்கும்," என்றேன்.

"நீங்க பலகையில வரல்ல. பெயின்ட்டுலதான் வந்து சேந்திரிக்கீங்க."

"பலகைய மாத்தினா?" என்றார் மச்சான்.

"எதுல வெச்சு அடிக்கிற? அடிமரமும் போயிற்று. இது இனி விறகு. அதுவும் ஈர விறகு."

ஓடாவியார் போன பிறகு மச்சான் குந்தியிருந்து சிப்பியைச் சுரண்டத் தொடங்கினார். "விடுங்க மச்சான்," என்றேன்.

"செய்ய வேண்டிய வேலையத்தானே செய்றன்," என்றார்.

என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் அன்றே எங்காவது போயிருப்பேன்.

தோணி எப்போது இறங்கும் என்று ராத்தா இரவுச் சோற்றின்போது கேட்டாள். இனி இறங்காது என்று நான்தான் சொன்னேன், பெயின்ட் அடிக்கச் சொன்னது யாரென்பதையும் சேர்த்து. அவள் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதற்குப் பிறகு பல நாள் என்னோடு கதைக்கவில்லை.

பெருநாள் கழிந்ததும் மச்சான் கரைவலை இழுக்கப் போனார், ஊர்க் கூலிக்காரர்களோடு ஒருவராக. அதே கயிற்றில் இரண்டு ஆள் தள்ளி நானும் இழுத்தேன். அவர் முதுகைப் பார்க்காமல் இழுக்கப் பழகுவதற்குள் மழைக்கால வாடைக்காற்று தொடங்கிவிட்டது. அலை பெருத்துக் கடல் மூடியதும் அந்த வேலையும் நின்றது.