ஐம்பத்திரண்டு வயதில் ஒரு ஸ்கூல் ப்ராஜெக்ட்

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாமி விளக்குக்கு வைத்திருந்த பஞ்சைத் திருடி நான் புகை பிடிக்கப் பார்த்தேன். போன வருடம், மே மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, பெங்களூரில் காக்ஸ் டவுன் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு பால்கனியில். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவன். எது பழுதானாலும் "மூல காரணம் என்ன?" என்று கேட்டு இளைஞர்களின் உயிரை வாங்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

என் விஷயத்தின் மூல காரணம் ஒரு நெஞ்சு வலி. அதற்கு முந்தைய வருடம் வந்தது. வாய்வு என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவர் சொல்வதற்குள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே என் மனைவி தன் தலைமேல் என் கையை வைத்து, இனி சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டாள். தொடவில்லை. அதில் நான் அரிச்சந்திரன். சில மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பா மகன் ஒரு இ-சிகரெட்டைக் கையில் திணித்து, "அண்ணா, இது புகையே கிடையாது, வெறும் ஆவி. சத்தியத்துக்கு ஒரு பங்கமும் வராது" என்றான். நியாயமாகத்தான் பட்டது. இட்லிப் பானையிலும்தான் ஆவி வருகிறது, அதற்காக யார் சத்தியம் வாங்குகிறார்கள்? ஆனாலும் அதைப் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் ஒளித்து வைத்தேன். ஒளித்து வைத்தபோதே என் மனசாட்சிக்குப் பதில் தெரிந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

அந்தக் கருவி ஒன்றும் பிரமாதமில்லை. சின்னதாக ஒரு டாங்க், அதில் ஸ்ட்ராபெரி வாசனைத் திரவம், நடுவில் கொண்டைக்கடலை அளவு உலோகக் கூட்டுக்குள் காயில் என்கிற கம்பிச் சுருள். காயிலுக்குள் பஞ்சு. பஞ்சு திரவத்தைக் குடிக்கும், காயில் சுடும், ஆவி வரும். பஞ்சு நனையுமுன் இழுத்தால் கருகும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. முதல் நாளே கருக்கினேன். அடிபிடித்த பாலை ஊதுபத்தியோடு சேர்த்துக் குடித்தது மாதிரி ஒரு ருசி, மூன்று நாள் தொண்டையை விட்டுப் போகவில்லை.

ஆபீஸில் இந்த வித்தை தெரிந்த ஒரு பையன் இருந்தான். ரகசியமாகக் கேட்டேன். "அது கன்ஸ்யூமபிள் சார். தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டுங்க" என்றான், என்னவோ காகிதத் தேநீர்க் கோப்பையைச் சொல்வதுபோல. எனக்கு வந்ததே கோபம்! இஸ்திரிப் பெட்டியின் காயில் போனால் காயிலை மாற்றுகிறோம், பெட்டியை அல்ல. மிக்ஸி மோட்டார் எரிந்தால் கம்பி சுற்றித் தருகிறார்கள். இங்கேயோ, விரல்கடை நீளக் கம்பியும் சிட்டிகைப் பஞ்சும் கருகியதற்காக அதைச் சுற்றியிருக்கும் நல்ல உலோகக் கூட்டையே குப்பையில் போடவேண்டுமாம். அதுவும் வாரத்துக்கு ஒருமுறை. இதைச் செய்தவன் பொறியாளனா, பிக்பாக்கெட்டா?

போட்டுவிட்டுப் புதிது மாட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நம் நாட்டில் இந்தச் சாமானை விற்கவே தடை. சித்தப்பா மகனான அந்தத் தம்பி கொடுத்திருந்த உபரிக் காயில்களும் தீர்ந்தபின், அந்தப் பையன் காட்டிய ஒரு ரகசிய வியாபாரியிடம் வாங்கினேன். சென்ட் பாட்டில் அட்டைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பினான். அத்தனையும் போலி. மாட்டினால் சட்டைப் பையெல்லாம் ஸ்ட்ராபெரி ஒழுகியது. யாரிடம் புகார் செய்வது? 'ஐயா, நான் வாங்கிய தடை செய்யப்பட்ட பொருள் தரமாக இல்லை' என்று மனு எழுதவா? நுகர்வோர் உரிமை பற்றி ஆபீஸில் வகுப்பே எடுத்தவன் நான்!

அந்த ஆத்திரத்தில்தான் முடிவெடுத்தேன்: காயிலை நானே சுற்றுவது. இணையத்தில் பார்த்த வீடியோக்கள் எல்லாமே, 'ஆரம்பநிலையில் இருப்பவர்கள் புதுக் காயில் மாட்டுவதே உத்தமம்' என்றுதான் ஆரம்பித்தன. முப்பது வருட அனுபவசாலிக்கு அது பொருந்தாது என்று தள்ளிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மனைவி ஓசூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நான் ஜீவனஹள்ளியில் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி ரிப்பேர் செய்யும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். எங்கோ பிறந்த தமிழ், ஜீவனஹள்ளியில் வளர்ந்த தமிழ்.

"இன்னா சார் வேணும்?"

"மெலிசா ஹீட்டர் கம்பி. பொண்ணுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட்."

எனக்குப் பெண் கிடையாது. இரண்டும் பையன்கள், இரண்டும் வேலைக்குப் போகின்றன.

"எத்தினியாவது படிக்குது?"

"ஒன்பதாவது."

"கரென்ட்டா, பேட்டரியா?"

"பேட்டரி. சார்ஜ் ஆகிற பேட்டரி."

மனுஷன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். "ஸ்வல்ப நில்லுங்க சார்" என்று உள்ளே போய் மூன்று சுருள் பிரித்துப் பார்த்து, முழ நீளம் வெட்டிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "படிக்கிற புள்ள, இருக்கட்டும். ஆனா கேளுங்க. சுத்தி முடிச்சதும் இங்க எடுத்துட்டு வாங்க, மீட்டர்ல அளந்து சொல்றேன். கம்பி எங்கயாவது இடிச்சுதுன்னா ஷார்ட்டு. பேட்டரி சூடாச்சுன்னா அதைக் கையில வெச்சிக்கினு யோசிக்க வேணாம்னு பாப்பாகிட்ட சொல்லுங்க. பக்கத்துல மணலோ மண்ணோ வெச்சிக்கணும். அதுல போட்டுட்டு தூர வந்துடணும். மூஞ்சியைக் கிட்ட கொண்டு போகவே கூடாது."

இல்லாத என் பெண்ணுக்காக அந்த மனிதர் அவ்வளவு கவலைப்பட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

கம்பி கிடைத்தது, பஞ்சு? பூஜை அலமாரியில் இருந்தது. கற்பூர டப்பாவுக்குள்ளேயே திரிப் பஞ்சையும் போட்டு வைப்பது என் மனைவியின் வழக்கம். ஒரு கிள்ளு எடுத்தேன். பழைய காயிலைப் பிய்த்து, ஊசியில் கம்பியைச் சுற்றி, பஞ்சைச் செருகி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கூட்டுக்குள் கம்பி இடிக்கிறதா என்று எனக்கே சந்தேகம்தான். மீட்டரில் அளந்து வரலாம். ஆனால் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது? பாப்பாவின் ப்ராஜெக்டில் ஸ்ட்ராபெரி வாசனை வரும். சொன்ன பொய்யைக் காப்பாற்ற, அளக்காமலேயே பால்கனிக்குப் போனேன்.

முதல் இழுப்பில் கர்ப்பக்கிருகமே தொண்டைக்குள் இறங்கியது. கற்பூரம்! இருமி முடித்து நிமிர்ந்தால், பொத்தானை விட்ட பிறகும் கை சுடுகிறது. அணைக்கப் பார்த்தேன், அணையவில்லை. சூடு ஏறிக்கொண்டே போகிறது. மூல காரணம் என்ன என்று பார்க்க முகத்தருகே கொண்டுபோனேன். முப்பது வருடப் பழக்கம். அப்போதுதான் அந்தக் கடைக்காரர் குரல் காதில் அடித்தது: கையில் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம், மூஞ்சியைக் கொண்டு போகாதே.

எதிரே இருந்தது என் மனைவியின் கறிவேப்பிலைத் தொட்டி. அதில் எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். சாத்திய கை கைப்பிடியிலேயே இருந்தது. 'டப்' என்று ஒரு சத்தம். ஓர் ஆள் உயரத்துக்கு வெள்ளைத் தீ. நான் ஆசையாக வளர்க்காத, தினமும் ரசத்தில் ஒதுக்கிவைத்த அந்தச் செடி என் முகத்துக்குப் பதிலாக எரிந்தது.

தீ அடங்கிய சற்றைக்கெல்லாம் மனைவி கல்யாணத்திலிருந்து வந்துவிட்டாள். பட்டுப்புடவையோடு வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தாள். "என்னங்க, கற்பூர வாசனை வருது? நீங்களா விளக்கு ஏத்தினீங்க?" அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பல வருடமாகப் பார்த்ததில்லை. நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

தீயில் தப்பித்ததை மறந்தாலும் அந்தத் தலையாட்டலை மறக்க முடியவில்லை. இரண்டு நிமிஷம்கூட அது தாங்கவில்லை. அவள் பால்கனிக் கதவைத் திறந்தாள். கரிக்குச்சியாக நின்ற செடியைப் பார்த்தாள், மண்ணில் உருகிக் கிடந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. "சிகரெட்டுன்னா கடையில வாங்கிட்டு வருவீங்க. இதுக்கு வீட்டுலயே ஃபாக்டரி வெச்சிட்டீங்க" என்றாள். பிறகு தன் உச்சந்தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதற்குப் பின் நாலு நாள் பேச்சில்லை.

அன்றிலிருந்து புகையுமில்லை, ஆவியுமில்லை. வெகுநாள் வரை என் கோபமெல்லாம் ஆவிதானே என்று சொன்ன தம்பிமேல், ஒழுகும் போலியை விற்றவன்மேல், தூக்கி எறிவதற்கென்றே ஒன்றைச் செய்தவன்மேல் இருந்தது. இப்போதும் இருக்கிறது, யாரையும் மன்னித்துவிடவில்லை. ஆனால் அவர்கள் யாரும் என் வீட்டுக் கற்பூர டப்பாவைத் திறக்கவில்லை. தூக்கிப் போடவேண்டிய நேரத்தில் தூக்கிப் போடாமல் சுற்றிச் சுற்றி ஒட்டவைத்தது காயிலை மட்டுமல்ல, அந்தப் பழைய பழக்கத்தையும்தான் என்று இன்றைக்கும் ரசத்தில் கறிவேப்பிலையை மென்று தின்னும்போதெல்லாம் தோன்றும்.

ஒரு மாதம் கழித்து அந்தக் கடைக்குப் போனேன். உயிரைக் காப்பாற்றிய மனிதரிடமாவது பொய்யை வைத்திருக்கக் கூடாதென்று, பெண்ணே கிடையாது என்பது முதல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் ஒரு மிக்ஸியைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தெரியும் சார். குடுக்கலன்னா கண்ட கம்பியையும் சுத்துவீங்க, அதான் மண்ணுல போடச் சொல்லி அனுப்பினேன். அந்த மாசம் மட்டும் நாலு பேரு வந்தீங்க. எல்லாத்துக்கும் பாப்பா ஒம்பதாங்கிளாஸு. மே மாசத்துல எந்த ஸ்கூல் சார் தொறந்துக்கீது?"