சுருங்கி வளர்ந்த மீன்

என் மகள் தன் பொருட்கள் எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டுகிறவள். தண்ணீர்ப் போத்தல், குடை, பென்சில் பெட்டி என்று ஒன்றும் தப்பாது. போன வாரம் வீட்டு வாசற்கதவில் எங்கள் மூவரின் பெயரையும் வண்ணத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். அவள் பள்ளிக்கூடம் போனபின் அதை உரித்தெடுத்தேன். பசை கதவைக் கெடுத்துவிடும் என்று அவளிடம் சொன்னேன். உண்மையான காரணம் ஒரு மீன்.

யுத்த காலம் அது. எனக்குப் பத்து வயது. கொழும்பில், வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒரு லேனில், மேல்மாடியில் அப்பா, அம்மா, நான் என்று குடியிருந்தோம். தமிழர் வீடுகளில் யார் யார் தங்குகிறார்கள் என்று பொலிஸில் கொடுக்க வேண்டிய பதிவுப் பத்திரத்திலும் அந்த மூன்று பெயர்தான். அதன் பிரதி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். நாலாவது ஆளாக அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, இருந்தார். யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தவர், கம்பஸ் மூடிவிட்டதால் கொழும்புக்கு வந்திருந்தார். அவருடைய பதிவு கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில். அங்கே அடிக்கடி ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்பதால் படுக்கை எங்கள் வீட்டில். யாராவது கேட்டால் மாமா பகலில் வந்து போகிறவர் என்று சொல்ல வேண்டும். எனக்கு அது நன்றாகப் பாடமாகியிருந்தது. படிக்கட்டில் அறியாத காலடி கேட்டால் மாமா குளியலறைக்குள் போய் அசையாமல் நிற்பார். அப்போது வீட்டில் அவர் இல்லவே இல்லை என்று எனக்கே தோன்றும்.

விடியற்காலையில் அவர் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்கு இறங்குவார். கையில் ஒரு வாளியும், நுளம்பு வலைத் துணியில் தைத்த சிறு வலையும்.

"கம்பஸ் மூடினா உனக்கு மீன் பிடிக்கிறதோ வேலை? ஆமிக்காரன் கண்டா என்ன சொல்லுவாய்?" என்று அம்மா ஏசுவார்.

"குளிக்க வந்தனான் எண்டுவன், அக்கா. என்ர நாத்தத்துக்கு நம்புவாங்கள்."

ஒருநாள் ஒரு ஜாம் போத்தலில் வெறும் தண்ணீர் கொண்டுவந்து ஜன்னலருகே வைத்தார். உற்றுப் பார்த்தபோது இரண்டு கரும்புள்ளிகள் மட்டும் அருகருகே நகர்ந்தன. கண்கள். அவற்றுக்குப் பின்னால் உடம்பு இல்லை. போத்தலைச் சரித்தபோதுதான், நாடா போல ஒரு தட்டையான உருவம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. அதன் ஊடாக என் விரலின் ரேகையைப் பார்க்க முடிந்தது.

போன்ஃபிஷ் குஞ்சு என்றார் மாமா. வளர்ந்தால் வெள்ளியாக மினுங்குமாம். வாய் மூக்குக்குக் கீழே இருக்க, மணலைக் கிண்டி நண்டும் சிப்பியும் தின்னுமாம். உடம்பெல்லாம் முள் என்பதால் சமையலுக்கு ஒருவரும் விரும்பமாட்டார்களாம். விலாங்கின் குஞ்சும் இதேபோல் கண்ணாடியாகத்தான் இருக்கும். இதற்கு வால் பிளந்திருக்கும், விலாங்குக்குப் பிளவு இருக்காது.

"வளர்ந்தாப் பிறகு ரெண்டையும் பார்த்தா ஒரு சம்பந்தமும் தெரியாது. எண்டாலும் ரெண்டையும் ஒரே கூட்டத்திலதான் சேர்த்திருக்கினம். ஏனெண்டா குஞ்சில ஒரே மாதிரி இருந்ததுகள்."

தினமும் சென்ரிமீற்றர் கோடு போட்ட அடிமட்டத்தைப் போத்தலோடு சேர்த்துப் பிடித்து அளப்பது என் வேலை. முதல் நாள் ஆறு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். அடுத்த நாள் ஆறுக்குக் கீழே. மூன்றாம் நாள் அதைவிடக் குறைவு. அது ஒன்றும் தின்னவில்லை.

"மாமா, இது செத்துக்கொண்டு வருது."

"இல்லையடி, வளர்ந்துகொண்டு வருது."

"வளர்ந்தா நீளும்தானே?"

"நீதான் நீளுவாய், தென்னை மாதிரி. இது தன்ர உடம்பையே திண்டு, சுருங்கித்தான் வளரும்."

நான் நம்பவில்லை. மத்தியானத்தில் லேன் ஓய்ந்து, தூரத்தில் ரயில் போகும் சத்தம் மட்டும் கேட்கும் நேரத்தில் அந்தப் போத்தலுக்குக் கிட்டப் போகப் பயப்பட்டேன். உடம்பு நாளுக்கு நாள் குறைந்தது. கண்கள் மட்டும் அதே அளவில் இருந்து, நான் போகும் பக்கமெல்லாம் திரும்பின.

இன்னொரு குறையும் இருந்தது. "லேபல் இல்லாத போத்தல் வெறும் தண்ணி" என்று எனக்குச் சொல்லித் தந்தவர் மாமாதான். பிடித்த இடம், திகதி, நேரம், பிடித்தவர் பெயர் என நாலும் இருந்தால்தான் விஞ்ஞானம். இதற்கு ஏன் ஒட்டவில்லை என்று கேட்டேன். "இதுக்கு வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அவ்வளவு படித்தவர் இப்படிச் சோம்பல்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏழாம் நாள் காலை, போத்தலுக்குப் புதுக் கடல்தண்ணீர் எடுக்க மாமா கீழே போயிருந்தார். அப்பா வேலைக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு ஒட்டும் லேபல் ஒன்றை எடுத்து, பச்சைப் பேனையால் ஆங்கிலத்தில் எழுதினேன். வெள்ளவத்தை, ரயில் பாதைக்குக் கீழே. மீன் பிடித்த திகதி. காலை ஐந்து நாற்பது. மாமாவின் முழுப் பெயர். இடம் மிச்சமிருந்ததால் மூலையில் ஒரு பூவும் வரைந்து ஒட்டினேன்.

பசை காயுமுன் படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

இரண்டு பொலிஸ்காரர்கள். பத்திரத்தைப் பார்த்தார்கள், அம்மாவின் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். உலகம் முழுவதும் ஒரே மீன் என்று நம்பியிருந்த போன்ஃபிஷ், கண்ணால் பிரித்தறிய முடியாத பல இனங்கள் என்று பிற்காலத்தில் படித்தேன். தமிழர் என்று எங்களைப் பிரிப்பதற்கு அந்த அட்டை போதுமாக இருந்தது. மூன்று பேர்தானா என்று சிங்களத்தில் கேட்டார்கள். மூன்று பேர்தான் என்றார் அம்மா. கிளம்பத் திரும்பினார்கள்.

இளையவர்தான் போத்தலைக் கண்டார். "மாலு?" என்று சிரித்தபடி என்னிடம் கேட்டார். ஓம், மீன்தான் என்று தலையாட்டி, நன்றாகத் தெரியட்டும் என்று தூக்கிக் காட்டினேன். மூத்தவர் மீனைப் பார்க்கவில்லை. லேபலை வாசித்தார். யார் இது என்று கேட்டார்.

"மகே மல்லி" என்றார் அம்மா. என் தம்பி, கொட்டாஞ்சேனையில் இருக்கிறார், பகலில் வந்து போகிறவர் என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார்.

காலை ஐந்து நாற்பதுக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து எப்படி வந்தார் என்று மூத்தவர் கேட்டார். ரயில் பாதையில் அவருக்கு என்ன வேலை என்றும் கேட்டார். அதற்குள் படிக்கட்டில் ஈரச் செருப்புச் சத்தம் ஏறி வந்தது.

மாமா வாளியைக் கதவருகே இறக்கி வைத்தார். மூத்தவர் லேபலைக் கிழியாமல் உரித்து அவர்முன் நீட்டினார். பிறகு என்னையும், பச்சை மை படிந்திருந்த என் விரல்களையும் பார்த்தார்.

"இதை எழுதினது யார்?"

நான் வாய் திறக்குமுன் மாமா சொன்னார்: "நான்தான்."

"பூவும்?"

"பூவும் நான்தான்."

விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் மாமா நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் கொண்டுவந்த வாளித் தண்ணீரை மூன்று நாட்களுக்கு மாற்றி மாற்றி ஊற்றினேன். மாமா சொன்னது பொய்யில்லை. இரண்டு சென்ரிமீற்றருக்கு வந்ததும் மீன் பால்போலக் கலங்கி, பிறகு மினுங்கத் தொடங்கியது. கண்களுக்குப் பின்னால் ஒரு முழு மீன் வந்திருந்தது. காட்டுவதற்கு ஆள் இருக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்துகொண்டிருந்தார்கள். பின்னர் ஒரு மாலை அப்பா போத்தலை எடுத்துப்போய்க் கடலில் ஊற்றிவிட்டு வந்தார்.

மாமா திரும்பி வரவில்லை.

ஆனால் அந்த நாட்களில் நான் அழவில்லை. எனக்குக் கோபம். அவர் எழுதாமல் விட்ட லேபலை எழுதியது நான், பூ வரைந்ததும் நான். எல்லாவற்றையும் தன்னுடையது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வந்ததும் முதல் வேலையாக இதைக் கேட்க வேண்டும் என்று, அந்தக் கோபம் ஆறிவிடாமல் நெடுநாள் பார்த்துக்கொண்டேன்.